ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர்

அன்றைக்குக் கரையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நைனா இருந்தார். அம்மா இருந்தாள். நைனாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, இருந்தார். ஃபைபர் வேலைக்காகக் கோவளத்திலிருந்து வந்த பாய் இருந்தார். ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான் இருந்தேன். எங்களிடம் மீன் எடுக்கும் வியாபாரி நடுவில் ஒரு தரம் வந்து, போட்டைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவரைச் சேர்த்தால் ஆறு பேர். வேறு யாரும் இல்லை. எண்ணியதையே திரும்பத் திரும்ப எண்ணுகிற ஆள் நான். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். ஆனால் இந்தக் கணக்கில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த ஆறு பேரில் இன்று மிச்சம் இருப்பது நைனாவும் நானும்தான்.

என் வயதொத்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஏழாவதோடு எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால் 'வீட்டில் கஷ்டம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் விஷயத்தில் அது கஷ்டம் இல்லை. ஒரு பலகை.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்கு வடக்கே. சுனாமிக்கு ரொம்ப முன்னால் நடந்தது இது. அப்போது கரையில் வரிசையாகக் கிடந்ததெல்லாம் கட்டுமரம். ஃபைபர் போட் மூன்றோ நான்கோ. அதில் ஒன்று எங்களுடையது. தெற்கே யாரிடமோ பழசாக வாங்கியது. வெளிர்ப்பச்சைப் பெயிண்டுக்கு அடியில் முன்னால் வைத்திருந்தவனின் சாமி பெயர் மங்கலாகத் தெரியும். அதன்மேல் எங்கள் அம்மன் பெயரை எழுதினார்கள். இரண்டு சாமியும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றதில் எனக்கு அப்போதே ஒரு பயம். யாருக்குக் கோபம் வருமோ என்று.

போட்டை வாங்கியது அம்மாவின் நகையை விற்று. போட்டை ஓட்டும் மிஷின் வாங்கியது வியாபாரி கொடுத்த முன்பணத்தில். அந்தக் கடன் தீரும்வரை எங்கள் மீன் எல்லாம் அவருக்குத்தான், அவர் சொன்ன விலைக்குத்தான். மிஷினுக்கு நீலநிற மூடி. ராத்திரி மிஷினைக் கழற்றிச் சித்தப்பா தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் வைப்பார். நாங்கள் படுக்கும் இடத்தில் பாதியை அது எடுத்துக்கொள்ளும். பெட்ரோல் வாசனையில்தான் தூங்கினோம்.

அந்த மிஷினை மாட்டுவது போட்டின் பின்பலகையில். வெளியே பார்த்தால் அது பலகை என்றே தெரியாது, எல்லாம் ஒரே ஃபைபராகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே மரம் வைத்து, இரண்டு பக்கமும் ஃபைபர் போட்டு மூடியிருப்பார்கள். மிஷினின் கனமும் உதறலும் முழுக்க அந்த மரத்தின்மேல்தான். பழைய ஆள் எப்போதோ போட்ட ஒரு போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, யாருக்கும் தெரியாமல் மரத்தைத் தின்றுவிட்டிருக்கிறது. மழைக்காலம் முடிகிற சமயத்தில், மிஷின் ஆடுகிற பல்லைப்போல ஆட ஆரம்பித்தது. சித்தப்பா சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் டக் டக் என்று கேட்ட சத்தம் பின்னால் தொப்புத் தொப்பு என்று கேட்டது.

"ண்ணா, உள்ள கூழு மாரி கீதுண்ணா" என்றார்.

வியாபாரிக்குச் சேதி போய்விட்டது. இறால் காலம் வரப்போகிறது. அதற்குள் போட் கடலுக்குப் போகாவிட்டால் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். மிஷின் போனால் போட் வெறும் தொட்டி. நகை போனது போனதுதான். அம்மா அன்று சோறு வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டாள்.

கோவளத்துப் பாய் இப்படித்தான் வந்தார். தாடிக்கு மருதாணி போட்டிருப்பார். சட்டைப்பையில் எப்போதும் பிஸ்கட் பொட்டலம். பேச்சு ஓயாது.

"கொச்சில கப்பலுக்கே வேல செஞ்சவன் நானு. இது இன்னா, குண்டான் மாரி."

"அந்தக் கப்பலு இன்னும் மெதக்குதா பாய்?" என்றார் சித்தப்பா.

"மெதக்குறதுனாலதான்பா என்னிய அடிக்காம அனுப்புனாங்க."

உள்பக்கத்து ஃபைபரை அறுத்து எடுத்தார். உள்ளே இருந்த மரம் கறுப்பாக, ஊறிய பிண்ணாக்கு மாதிரி கையோடு வந்தது. புளித்த நாற்றம். நைனா அதைக் கையில் எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. பாய் உளியால் சுரண்டிச் சுரண்டி, ஓரமெல்லாம் சுத்தமாக்கி, உப்புத்தாளால் தேய்த்தார். அந்தத் தூள் பறந்து எங்கள் கழுத்து, கை, இடுப்பு எல்லாம் அரிப்பு. கண்ணாடித் தூள் அது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். எண்ணெயில் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் நான் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன் என்று டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்.

பாய் மறுநாள் நல்ல பிளைவுட் பலகை ஒன்றைக் கொண்டுவந்து, அளவெடுத்து அறுத்து, நைனாவிடம் கொடுத்தார்.

"போட்டு பத்து நாளாச்சும் வெயில்ல காயட்டும் அண்ணாத்த. இந்தப் பலகய வூட்டுல வச்சிக்கோ. தண்ணி மட்டும் ஆவாது. ஒரு சொட்டு ஆவாது. நான் முட்டுக்காடாண்ட ஓட்டல்ல வாத்து போட்டு வேல கீது, முடிச்சிட்டு வரேன்."

"வாத்து போட்டா?"

"ஆமா. வாத்து மாரி செஞ்சி, உள்ள குந்திகினு மிதிப்பாங்க. ஜோடி ஜோடியா வருவாங்க. உனக்கு அதெல்லாம் புரியாது."

நைனா சிரித்தார். ஆனால் பலகையை வீட்டில் வைக்கவில்லை.

இங்கே நைனாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வளர்ந்தது கரைவலை இழுக்கிற மரப் படகில். பலகையைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. வெயிலில் காய்ந்தால் பலகை சுருங்கி, தையல் இடைவெளி விட்டுக்கொள்ளும். தண்ணீர் குடித்தால்தான் மரம் உப்பி, ஒன்றோடொன்று இறுகும். அதனால் கரையில் கிடக்கிற படகுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பார்கள். மரம் என்றால் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது நைனாவின் கையிலேயே இருந்த பழக்கம். காய்ந்த பலகையை அப்படியே உள்ளே வைத்து மூடுவது அவருக்குப் பொறுக்கவில்லை.

நான் ஒருநாள் மத்தியானம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனபோது, அலை வந்து போகிற ஈர மணலில் அந்தப் பலகையைப் பாதி புதைத்து, மேலே ஈரக் கோணியைப் போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்கிற மாதிரி.

"பாய் தண்ணி ஆவாதுன்னாரே நைனா."

"அவனுக்கு ஃபைபரு தெரியும். மரம் தெரியாது. இப்பவே குடிச்சி உப்பிகிச்சின்னா அப்பறம் குடிக்காது. இப்ப உடலன்னா கடல்ல குடிச்சி உப்பி, ஃபைபர வெடிச்சி உட்டுடும். புரிதா?"

எனக்குப் புரிந்தது. இன்றைக்கும், அந்த நேரத்து நைனாவாக யோசித்தால், அது நியாயமாகத்தான் படுகிறது. பாய் வருவதற்கு முந்தின நாள் மணலைத் தட்டி, பலகையை வெயிலில் போட்டார். மேல்பக்கம் வெளுத்துக் காய்ந்துவிட்டது.

அந்த ஆறு பேரும் இருந்த நாள் அடுத்த நாள்தான்.

பாய் பலகையைத் தூக்கினார். விரல் முட்டியால் தட்டினார்.

"இன்னா அண்ணாத்த, கனக்குது?"

"நல்ல மரம்னா கனக்காதா?"

பாய் நைனாவைப் பார்த்தார். பிறகு சூரியனைப் பார்த்தார். ஓட்டல்காரன் மறுநாள் காலையில் வரச் சொல்லியிருக்கிறான் என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குமேல் கேட்கவில்லை.

எங்கள் குப்பத்தில், கடலுக்குப் போகிற எதிலும் புது மரம் சேர்த்தால், அந்த வீட்டுப் பெண் அதற்குப் பால் கலந்த மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பொட்டு வைக்க வேண்டும். அம்மா தலைக்குக் குளித்து, சொம்போடு வந்து நின்றாள். பாய் கையை நீட்டித் தடுத்தார்.

"வாணாம் தங்கச்சி. ஈரம் பட்டா ரெசினு புடிக்காது. பொட்டு மட்டும் வையி, போதும்."

அம்மா சொம்பைக் கீழே வைக்கப் போனாள். நைனா விடவில்லை.

"ஊத்துமே. ஊரு வழக்கத்த பாய் வந்து மாத்துவாரா?"

"அவருதான் வாணான்றாரே..."

"ஊத்துன்றேன்ல."

அம்மா ஊற்றினாள். ஒரு சொம்புதான். அதிலும் பாதி மணலில் போயிற்று. பாய் முணுமுணுத்துக்கொண்டே தன் பனியனைக் கழற்றிப் பலகையைத் துடைத்து, கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்தினார். அப்போதுதான் வியாபாரி வந்து காலால் தட்டிவிட்டுப் போனார். "ஸ்டாங்கா கீதா?" என்று கேட்டார். பாய், "யான கட்லாம்" என்றார்.

பிறகு நடந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. பெயிண்ட் டப்பாவில் ரெசின், ஃபைபரை ஒட்டவைக்கிற பசை. தேன் நிறம். அதில் சொட்டுச் சொட்டாக இன்னொரு மருந்தை விட்டுக் குச்சியால் கலக்குவார். மூக்கில் ஏறித் தலையைச் சுற்ற வைக்கிற தித்திப்பான வாசனை. வெள்ளையாக, பஞ்சுபோல இருக்கிற ஃபைபர் துணியைப் பலகைமேல் விரித்துப் பிரஷ்ஷால் ரெசினைக் குத்திக் குத்தி வைத்தால், வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆகும். மிச்சம் இருந்ததைப் பாய் ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி என்னிடம் தந்தார். அது கொஞ்ச நேரத்தில் கையில் சுட்டது. அதற்குள் ஒரு சோழியைப் போட்டேன். ஆறியபின் கொட்டாங்கச்சியை உடைத்து எடுத்தால், பாதிப் பந்து அளவுக்கு ஒரு தேன்கட்டி, நடுவில் சோழி. அதைக் கண்ணில் வைத்துக் கடலைப் பார்த்தால் கடல் மஞ்சளாகத் தெரியும். எத்தனையோ வருஷம் வைத்திருந்தேன். சுனாமியில் வீட்டோடு போயிற்று.

போட் இறங்கியது. சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. வியாபாரி அம்மாவைப் பார்த்து "இன்னா, மஞ்சத்தண்ணி வேல செய்து போல" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவள் அப்படி வாயைத் திறந்து சிரித்தது எனக்கு நினைவிருக்கிற கடைசித் தடவை அது.

பிறகு ஒருநாள் காலை, இறாலோடு திரும்பி வரும்போது, கரைக்குப் பக்கத்தில் அலையைத் தாண்ட நைனா மிஷினை முழுக்க முடுக்கினார். பின்பக்கம் பிளந்தது. மிஷின் பாதிப் பலகையோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அது விழுந்தாலும் போகாமல் இருக்க ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றைக் கட்டிய வளையமும் அதே பலகையில்தான் இருந்தது. தேடிப் பார்க்க இரண்டு நாள் ஆட்கள் மூழ்கினார்கள். மணல் மூடிவிட்டது. மிஷின் கிடைக்கவில்லை.

போட்டை இழுத்துக் கரையேற்றிப் போட்டார்கள். பலகையில் பாதி இன்னும் அதில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. வியாபாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என் பணத்துக்கு யார் பதில்? பாய் வேலை சரியில்லை என்றால் பாய் கட்டட்டும். இல்லையென்றால் நைனா கட்டட்டும். பஞ்சாயத்து கூட்டி, கோவளத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

பாய் வந்ததும் கூட்டத்துக்குப் போகவில்லை. நேராகப் போட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஸ்க்ரூ டிரைவரால் பிளந்த இடத்தைக் கிளறினார். பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. ஃபைபர் அதில் ஒட்டவே இல்லை, தோல் மாதிரி உரிந்தது. உரிந்த ஃபைபரின் உள்பக்கத்தில் மணல் துணுக்குகள். அதோடு ரெசினுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு நார், பழுப்பாக.

"இன்னா பாப்பா இது?"

"கோணி" என்றேன்.

"கோணி எப்டி இங்க வந்துச்சி?"

"நைனா ஈர மண்ல வச்சி, மேல கோணி போத்துனாரு."

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். அது ரகசியம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாய் அந்தத் துண்டை உடைத்து எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். நைனாவைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு பேரும் போட்டின் மறுபக்கம் போய் நின்றார்கள். பாய் கையைத் திறந்து காட்டினார். நைனா அதைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம்தான். பிறகு பாய் அதை அலையில் எறிந்தார்.

வலைக் கொட்டகையில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். அம்மாவும் நானும் வெளியே ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்றோம். ஊர்த் தலைவரான நாட்டார் கேட்டார்: "இன்னா பாய், யான கட்லாம்னியாமே. பூன கட்டியிருந்தாகூட பிச்சிகினு பூட்டிருக்கும் போலயே?"

"ஈரம் பட்டுப்போச்சி நாட்டாரே. ஈரம் பட்டா புடிக்காது. நான் அன்னிக்கே சொன்னேன்."

"ஈரம் எப்டி வந்துச்சி?"

பாய் நைனாவைப் பார்த்தார். நைனா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"வூட்டுல ஊத்துச்சி. மஞ்சத்தண்ணி. பாய் வாணான்னாரு, கேக்கல."

பிறகு யாரோ, "ஒரு சொம்பு தண்ணி ஒரு மிஷினயே முழுங்கிச்சின்னா, எம் பொண்டாட்டி கொடம் கொடமா ஊத்துறாளே, எங்கூட்டு மரம் எப்பவோ பூட்டிருக்கணுமே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். நைனா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. தட்டி மறைத்தது.

தீர்ப்பு சீக்கிரம் ஆயிற்று. பாய்மேல் தப்பு இல்லை. பணம் நைனா வீட்டுப் பொறுப்பு. பலகையை ஊறப்போட்ட முட்டாள் என்ற பேர் நைனாவுக்கு வரவில்லை. கனமாக இருந்த பலகையை அவசரத்தில் வைத்து மூடியவன் என்ற பேர் பாய்க்கு வரவில்லை. மிச்சம் இருந்த பேர் அம்மாவுக்கு வந்தது.

'நீதானே ஊற்றச் சொன்னாய்' என்று நைனாவை அம்மா கேட்பாள் என்று வீடு வரும்வரை காத்திருந்தேன். வீட்டில் அந்தச் சொம்பை எடுத்து, தண்ணீர் நிரப்பி, வாசலில் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தாள். "இம்மாந்தான ஊத்துனேன்? கூடவா ஊத்திட்டேன்?" என்று என்னைக் கேட்டாள். அதற்குப் பிறகும் பல வருஷம், குழம்புக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட நடுவில் நிறுத்திச் சொம்பைப் பார்ப்பாள். எண்ணியதையே எண்ணுகிற இந்த வியாதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்டார். நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மிஷின் இல்லாத போட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்தோம். நைனாவும் சித்தப்பாவும் கூலிக்குக் கட்டுமரம் ஏறினார்கள். அம்மா கூடை தூக்கினாள். விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் கடைசிப் படியோரம் கூடையோடு உட்கார்ந்து, செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு. அங்கேயும் எங்கள் குப்பத்துப் பெண்கள்தானே பக்கத்தில்? சேதி அம்மாவுக்கு முன்னாலேயே பஸ் ஏறிவிட்டது.

"மொத போணி அவ கையில வாணாம்டி. மிஷின முழுங்குன கையி."

காலையில் முதல் காசு அம்மாவின் கையில் விழுந்தால் வரிசைக்கே வியாபாரம் ஆகாதாம். அவள் பக்கம் வருகிற ஆளைக் கூப்பிட்டுத் தங்கள் பக்கம் திருப்புவார்கள். நேரம் ஏற ஏற மீன் கண் வெளுக்கும். அவள் பாதி விலைக்கு விற்பாள். ஒருநாள் கூடையில் பாதியோடு திரும்பி வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ வா. காச நீ வாங்கு. உங்கையில ஒண்ணும் இல்ல."

"ஸ்கூலு?"

"ரெண்டு மாசம்" என்றார் நைனா, மூலையிலிருந்து. "அப்பறம் போவலாம்."

போகவில்லை. அம்மா மீனை நிறுத்துப் போடுவாள், நான் கையை நீட்டிக் காசு வாங்குவேன். காசு வருகிற நேரம் அவள் தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் மடித்து வைத்துக்கொள்வாள். என்னோடு படித்தவள் ஒருத்தி ஒருநாள் யூனிஃபார்மில், அவள் அம்மாவோடு மீன் வாங்க வந்தாள். என்னிடம் காசைக் கொடுத்தாள். சில்லறை சரியாக இருக்கிறதா என்று மூன்று தரம் எண்ணிக் கொடுத்தேன்.

சுனாமிக்குப் பிறகு கரையிலேயே கொட்டகை போட்டு ஃபைபர் போட் செய்தார்கள். பெண்களுக்கும் வேலை கொடுத்தார்கள். நான் ரெசின் தேய்க்கப் போனேன். முதல் வாரத்திலேயே மழையில் நனைந்த பலகை லோடு ஒன்று வந்தது. மேஸ்திரி அதைத் திருப்பி அனுப்பினார். "மேல பட்ட தண்ணி தொடச்சா பூடும். ஊறிச்சின்னா போச்சி, உள்ளேர்ந்து பிச்சிக்கும்" என்றார். கையிலிருந்த பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தேன். ரெசின் பிரஷ்ஷிலேயே இறுகிவிட்டது. அதற்கு எனக்குத் திட்டு விழுந்தது.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். கோணி, மணல், பாய் மூடிய கை, எல்லாம். உன் சொம்பால் இல்லை என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

"இப்ப இத்த சொல்லி இன்னாத்துக்கு?" என்றாள். "இத்தினி வருசம் நான் கைய மடிச்சிகினு நின்னது இன்னாத்துக்குன்னு ஆயிடும்ல. உடு."

அதற்குமேல் பேச விடவில்லை. வியாபாரியின் கடனை அவள் கூடைதான் கடைசி ரூபாய் வரை தீர்த்தது. போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை யார் வீட்டு விசேஷத்திலும் ஆரத்தித் தட்டைத் தொடவில்லை.

நைனா இப்போது என்னோடுதான் இருக்கிறார். காது மந்தம். நினைவு மந்தம் இல்லை. போன வாரம் சோறு போடும்போது கேட்டேன்.

"நைனா, அந்தப் பின்பலகய ஈர மண்ல பொதச்சி வச்சியே. மிஷின் போனது அதாலதான?"

மென்றுகொண்டே இருந்தார். கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்கக் கேட்டேன்.

"கேக்குது" என்றார். "அது பழைய கத. வியாபாரி கணக்கு தீந்துச்சில்ல? பாய்க்குத்தான் கூலி நின்னுபோச்சி. பஞ்சாயத்து அன்னிக்கி வாங்காமலே பூட்டான்."

"வேற யாருக்கும் பாக்கி இல்லியா?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். சோற்றுக் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, இடது கை விரலை ஒவ்வொன்றாக மடக்கி, பிறகு மடக்கியதை எல்லாம் விரித்தார்.

"இல்ல. அவனுக்கு மட்டுந்தான். எண்ணூறு ரூபா."